சிலிக்கா ஜெல்லில் "சாப்பிடாதீர்", ஹீட்டர் ராடில் "பிளக்கைப் பிடுங்கு": இதையெல்லாம் ஏன் அச்சிடுகிறார்கள்?

கேள்வி (கடலூர்வாசி):
ஷூ பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தில் சாப்பிட வேண்டாம் என்று போட்டிருக்கிறது. வெந்நீர் போடும் ராடின் அட்டையில், சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடச் சொல்கிறார்கள். இது யாருக்குத் தெரியாது? வழக்குக்குப் பயந்து எழுதுவதா? சுவிட்சை அணைத்தால் போதாதா, பிளக்கை ஏன் பிடுங்க வேண்டும்?

சட்டப்புள்ளி:
வழக்கு பாதிக் காரணம்தான். அமெரிக்காவில் பொருளைக் குறையில்லாமல் செய்திருந்தாலும், தகுந்த எச்சரிக்கை இல்லை என்பதை வைத்தே இழப்பீடு கேட்கலாம். நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-வது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் 87-வது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள்: வெளிப்படையான, எல்லோரும் அறிந்த ஆபத்தைச் சொல்லவில்லை என்பதற்காக உற்பத்தியாளர் மேல் பொறுப்பு வராது. எது "எல்லோரும் அறிந்தது" என்று தீர்மானிப்பது நுகர்வோர் ஆணையம், கம்பெனி அல்ல. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று அச்சிட்டுவிடுகிறார்கள்.

அச்சிட்டால் தப்பிவிடலாம் என்பதும் இல்லை. மெக்டொனால்ட்ஸ் உணவகக் காபி கொட்டி வெந்துபோன பெண் தொடுத்த வழக்கில் (அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, 1994) கோப்பையில் எச்சரிக்கை இருந்தது. 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொடுத்த காபிக்கு அது போதாது என்றுதான் ஜூரி முடிவு செய்தது.

வயரிங்_மணி:
ராடு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாசகம் சும்மா போட்டதல்ல.

உலோகக் குழாய்க்குள் சூடாகும் நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கும். மின்சாரம் குழாய்க்கு வராமல் தடுக்க அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் குழாய் அரித்து மயிரிழை விரிசல் விட்டால் தூள் ஈரத்தை உறிஞ்சும். மின்சாரம் தண்ணீருக்குக் கசியும். ராடு வழக்கம்போல் சூடாகிக்கொண்டே இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. எர்த் சரியாக இருந்தால் கசிவு அதன் வழியே போகும். எர்த் இல்லாத வீட்டில், பிளாஸ்டிக் வாளியில், விரலை விட்டுச் சூடு பார்ப்பவர்தான் எர்த்.

பிளக்கைப் பிடுங்கச் சொல்வது ஏனென்றால், நம் சுவர் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். அது ஃபேஸாக (மின்சாரம் வரும் கம்பியாக) இருக்க வேண்டும். பழைய வயரிங்கில் நியூட்ரலில் (மின்சாரம் திரும்பும் கம்பியில்) சுவிட்ச் போட்டிருந்தால், அணைத்த பிறகும் ராடில் ஃபேஸ் நிற்கும். சூடாகாது, ஆனால் கசிவு இருந்தால் ஷாக் அடிக்கும். பயன்படுத்துபவருக்குத் தன் வீட்டில் எந்தக் கம்பியில் சுவிட்ச் இருக்கிறது என்று தெரிய வழியில்லை. கம்பெனிக்கும் தெரியாது. பிளக்கைப் பிடுங்கினால் இரண்டுமே துண்டாகிவிடும்.

வேதியியல்:
சிலிக்கா ஜெல்லே விஷமல்ல. குழந்தையின் தொண்டையில் பொட்டலம் அடைப்பதுதான் பயம். ஆனால் ஜப்பானிய அரிசி பிஸ்கட், கடற்பாசி பாக்கெட் சிலவற்றில் இதே அளவுப் பொட்டலத்தில் சுட்ட சுண்ணாம்பு இருக்கும். ஈரம் பட்டால் கொதித்து வாயைப் புண்ணாக்கிவிடும். நூடுல்ஸ் மசாலா பொட்டலமும் பார்க்க இதே மாதிரிதான், அவசரத்தில் பிரித்துக் கொட்டிவிடுவார்கள். ஷூ பெட்டியில் அபத்தமாகத் தெரியும் வரி தின்பண்டப் பாக்கெட்டில் அவசியம்.

என் குறை வேறு. கழிவறை ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்காதே என்பதுதான் உயிர்போகும் எச்சரிக்கை. குளோரின் வாயு கிளம்பும். அந்த வரியும் மற்ற பத்து வரிகளோடு அதே பொடி எழுத்தில் கிடக்கிறது.

கடலூர்வாசி:
நன்றி. பழைய 1500 வாட் ராடு ஒன்று இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

வயரிங்_மணி:
பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். இரண்டு சிறிய பின்களுக்கு நடுவே சுமார் 35 ஓம் வரும். பெரிய பின்னுக்கும் ராடின் குழாய்க்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும்; வராவிட்டால் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. பெரிய பின்னுக்கும் சிறிய பின் எதற்கும் நடுவே எந்த அளவும் காட்டக் கூடாது. மல்டிமீட்டரின் வோல்ட் குறைவு, லேசான கசிவைப் பிடிக்காது. எலெக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவுத் தடுப்பை அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் தூக்கிப் போடுங்கள். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வீட்டில் இல்லையென்றால், ராடுக்கு முன் அதை வாங்குங்கள்.