புதுப்பிப்பு: செல்லூர் வீட்டில் எங்கள் பங்கு

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பா வாங்கிய ஒன்றரை சென்ட் வீடு. உயில் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன், அக்கா, நான் மூவருக்கும் சமபங்கு. குடியிருக்கும் அண்ணன் விற்கச் சம்மதிக்கவில்லை, என்ன வழி என்று.

வக்கீலைப் பார்த்தோம். பாகப்பிரிவினை வழக்குப் போட ஒரு பங்குதாரரே போதுமாம். முதல்நிலைத் தீர்ப்பில் அவரவர் பங்கு முடிவாகும், அப்புறம் நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து அளப்பார். ஆனால் எங்கள் வீட்டை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 218 சதுர அடி. படிக்கட்டு யாருக்கு? இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம். பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்க உத்தரவிடலாம். அக்காவும் நானும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு. அதே சட்டத்தில் அண்ணனுக்கும் பாதுகாப்பு உண்டு: விற்கக் கேட்டவர்களின் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அவரே வாங்கிக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் அண்ணன் முகமே மாறிவிட்டது. "வெளிய போகச் சொல்லிருவீங்கன்னு நினைச்சேன்டா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. இதை முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

வழக்குப் போடவில்லை. மதிப்பீட்டாளர் சொன்ன விலைக்கு அண்ணன் வாங்குகிறார். பணம் கைக்கு வந்ததும் நாங்கள் இருவரும் எங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கிறோம். பிறகு பட்டா மாற்ற வேண்டும்.