அம்மா மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷினின் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே இருக்கிறார், உதவி தேவை

டெல்டா மகன் (இரவு 11.40)

அம்மாவுக்கு 64 வயது. நாற்பது வருடம் விறகடுப்பு ஊதியவர். சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று ஐந்து வருடமாக இன்ஹேலர் எடுக்கிறார். மூன்று நாளாகச் சளி, காய்ச்சல். இன்று மாலை மூச்சு வாங்கி, பேச்சும் குழற ஆரம்பித்ததால் ஐசியுவில் சேர்த்திருக்கிறோம். முதல் ஏபிஜியில் (ரத்த வாயுப் பரிசோதனை) ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பிஎச் 7.26, கார்பன் டை ஆக்சைடு 79. உடனே மூக்கு, வாய் இரண்டையும் மூடும் மாஸ்க் வைத்து பைபாப் போட்டார்கள். திரையில் ஐபாப் (மூச்சை இழுக்கும்போது தரும் அழுத்தம்) 12, ஈபாப் (மூச்சை விடும்போது இருக்கும் அழுத்தம்) 5 என்று இருக்கிறது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாஸ்க்கைப் பிடுங்குகிறார். "மூச்சு முட்டுதுடா, எடுத்துடு" என்று கெஞ்சுகிறார். கண் பக்கம் காற்று கசிந்து அலாரம் அடிக்கிறது. சிஸ்டர் பட்டையை இறுக்கினால் இன்னும் துடிக்கிறார். கையைக் கட்டலாமா என்று கேட்கிறார்கள். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 89, 90 தாண்டவில்லை, ஆனால் ஆக்சிஜனைக் கூட்ட டியூட்டி டாக்டர் மறுக்கிறார். இந்த அவஸ்தைக்குப் பேசாமல் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டுவிடலாம் என்கிறார் சித்தப்பா. யார் சொல்வதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

ஐசியு செவிலியர், 14 வருட அனுபவம் (11.52)

தம்பி, கையைக் கட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள். திடீரென்று வாந்தி வந்தால் மாஸ்க்கைத் தானே விலக்க அவருக்குக் கை வேண்டும்.

இறுக்கினால் கசிவு நிற்காது. மாஸ்க்கின் சிலிகான் விளிம்பு மடங்கிக்கொண்டு வேறொரு பக்கம் கசியும், மூக்குத் தண்டும் புண்ணாகும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கண் பக்கம் காற்று போகிறது என்றால் மாஸ்க் ஒரு அளவு பெரிதோ என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்வது இது. பட்டையை மாட்டாமல், அழுத்தத்தைக் குறைத்து வைத்து, மாஸ்க்கை நோயாளியின் கையிலேயே கொடுத்து அவரையே முகத்தில் பிடிக்கச் சொல்வோம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நாலைந்து மூச்சு பழகிய பிறகு பட்டையை மாட்டி, அழுத்தத்தை மெல்ல ஏற்றுவோம். சிஸ்டரிடம் தன்மையாகக் கேளுங்கள், செய்வார். நீங்களாக மெஷினில் கை வைக்காதீர்கள். தலைப்பக்கம் உயர்த்தியே இருக்கட்டும்.

அப்புறம், அம்மாவுக்குப் பல்செட் உண்டா?

திருச்சி வாசகர் (11.58)

எங்கள் பெரியப்பாவுக்கும் இதே கதைதான். லேசாக ஒரு தூக்க ஊசி போட்டார்கள், அமைதியாகிவிட்டார். கேட்டுப் பாருங்கள்.

நெஞ்சக மருத்துவர் (நள்ளிரவு 12.10)

தூக்க ஊசியை நீங்களாகக் கேட்க வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு 79 இருப்பவரை அது இன்னும் மந்தமாக்கி மூச்சைக் குறைத்துவிடலாம். தேவையா என்பதைப் பக்கத்தில் நின்று கவனிக்கும் ஐசியு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாச்சுரேஷன் விஷயத்தில் உங்கள் டியூட்டி டாக்டர் சொல்வது சரி. இந்த நோயில் நாங்கள் 88 முதல் 92 வரைதான் வைப்போம். நுரையீரலில் நன்றாகக் காற்று போகாத பகுதிகளுக்கு ரத்த ஓட்டத்தை உடல் தானே குறைத்து வைத்திருக்கும். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்த ஏற்பாடு கலைந்து கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறும்.

அதை வெளியேற்றும் வேலையைச் செய்வது ஐபாப்புக்கும் ஈபாப்புக்கும் உள்ள வித்தியாசம். இப்போது அது 7தான். 12 என்பது பெரும்பாலும் தொடக்க அளவு. தாங்கிக்கொண்டால் படிப்படியாக 15, 20 என்று ஏற்றுவோம். ஒரு மணி நேரத்தில் எடுத்த ஏபிஜி எப்படி இருந்தது, அழுத்தத்தை ஏற்றுவார்களா என்று கேளுங்கள்.

டியூபுக்கு அவசரப்படாதீர்கள். ப்ரோஷார் என்ற மருத்துவரின் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வில் 85 சிஓபிடி நோயாளிகள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு டியூப் போட வேண்டியிருந்தது. மாஸ்க் வழி உதவி பெற்றவர்களில் 26 சதவீதம். இறப்பும் 29-இலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கூப்பிட்டால் கண் திறக்காத அளவு மயக்கம், பிஎச் மேலும் இறங்குவது, நிற்காத வாந்தி, சளியைத் துப்பவே முடியாத நிலை, இவற்றில் எது வந்தாலும் தாமதிக்கக் கூடாது. அப்போது டாக்டர் டியூப் என்றால் சம்மதியுங்கள்.

புகையே பிடிக்காத எத்தனையோ அம்மாக்களை இந்த நிலையில் பார்த்துவிட்டேன். அடுப்புப் புகையை யாரும் புகையாகவே கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

டெல்டா மகன் (2.15)

பல்செட் உண்டு! சேர்க்கும்போது கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என் பையில் போட்டிருந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, ஆடாமல் பொருந்துகிறது, போடலாம் என்றார். ஒட்டிப்போயிருந்த கன்னம் நிமிர்ந்ததும் கசிவு பாதிக்கு மேல் நின்றுவிட்டது. சிஸ்டர் ஒரு அளவு சின்ன மாஸ்க் மாற்றி, மூக்கில் ஒரு பிளாஸ்டரும் ஒட்டினார். அம்மா தானே கையில் பிடித்துப் பழகினார். இப்போது ஐபாப் 16. ஏபிஜியில் பிஎச் 7.31, கார்பன் டை ஆக்சைடு 67. தூங்குகிறார். தூக்கமா மயக்கமா என்று பயந்து எழுப்பிப் பார்த்தேன், திட்டினார்.

நெஞ்சக மருத்துவர் (2.30)

நல்ல திருப்பம். தெளிவாகத் திட்டுகிறார் என்றால் அது தூக்கம்தான். இரவு முழுக்க மாஸ்க் இருக்கட்டும்.

டெல்டா மகன் (காலை 6.40)

பிஎச் 7.36, கார்பன் டை ஆக்சைடு 58. காபி கேட்கிறார். கொடுக்கலாமா?

ஐசியு செவிலியர் (6.55)

மாஸ்க்கோடு ஒரு சொட்டுகூடக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் இடைவெளி கொடுத்ததும் நிமிர்ந்து உட்கார வைத்து, முதலில் ஒரு வாய் தண்ணீர். புரையேறவில்லை என்றால் ஆறின காபி, வாய் வாயாக. குடித்த உடனே மாஸ்க்கை மாட்ட விடாதீர்கள், எப்போது மாட்டலாம் என்று சிஸ்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள் தம்பி.