அன்னசி ஏரியில் நீந்த, குளத்து நீச்சல் போதுமா?

கேள்வி: பிரான்சில், லியோனில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் ஒரு வார இறுதிக்கு, ஏரிக்கரை ஊரான அன்னசி போகிறேன். நீச்சல் குளத்தில் மட்டும்தான் நீந்திப் பழக்கம். ஏரித் தண்ணீர் ரொம்பக் குளிருமா?

பதில்: மேல்மட்டம் 22 டிகிரியைத் தொடும், சுகமாக இருக்கும். சில மீட்டர் கீழே போனால்தான் சட்டென்று சில்லிடும். வெயில் மேல் அடுக்கைத்தான் சூடாக்குகிறது. கனமான குளிர்நீர் அடியிலேயே தங்கிவிடும். எடுத்த எடுப்பில் குதிக்காதீர்கள். குளிர் தாக்கியதும் மூச்சு நம்மைக் கேட்காமலே உள்ளிழுக்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. மெல்ல இறங்கி, முகமும் பிடரியும் நனைத்து, மூச்சு சீரானதும் நீந்துங்கள். கரையை ஒட்டியே நீந்தினால் போதும், நடுவில் படகுகள் ஓடும்.

இன்னொருவர்: காலையிலேயே நீந்திவிடுங்கள், மதியம் ஒரே கூட்டம். அப்புறம் தியூ ஆற்றோரம் பழைய ஊரைச் சுற்றலாம். ஆற்று நடுவே கப்பல் முகப்பு போல நிற்கும் பலே தெ லில் என்ற பழைய கட்டடம், ஒரு காலத்தில் சிறை. ஊரில் உள்ள கோட்டையை விட எனக்கு அதுதான் பிடித்தது.

கேட்டவர்: சரி, மெல்லவே இறங்குகிறேன். ஏரியைச் சைக்கிளில் சுற்ற முடியுமா?

இன்னொருவர்: தாராளமாக. சுமார் 40 கிலோமீட்டர். நீந்திய அன்றே வேண்டாம், ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.