மறு: சுறாத்தாவலா, சாய்முனையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'சூப்பர்நேச்சுரல்' (சாம், டீன் என்ற அண்ணன் தம்பி பேய் பிசாசுகளை வேட்டையாடும் அமெரிக்கத் தொடர்) எந்த சீசனில் கெட்டது என்று தொடங்கிய இழை இது. அப்புறம், நன்றாக ஓடிய தொடர் ஏதோ வித்தை காட்டிக் கெடத் தொடங்குவதை ஆங்கிலத்தில் 'ஜம்ப் த ஷார்க்' (சுறாவைத் தாண்டுதல்) என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று திரும்பி, இப்போது ஏழெட்டுப் பரிந்துரைகளோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. தொடர் எங்கே கெட்டது என்பதிலேயே நமக்குள் ஒத்துப்போகவில்லை. சொல்லில் மட்டும் எப்படி ஒத்துப்போவோம்? என் கட்சி இதுதான்: அந்த ஆங்கிலச் சொல் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கிறது. தமிழில் அவற்றைப் பிரித்து, ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

> நேராக 'சுறாத்தாவல்' என்றே வைத்துவிடலாம். கதை தெரியாதவர்களுக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போயிற்று.

கதையைச் சொல்வதில் சிரமம் இல்லை. அமெரிக்காவில் 'ஹேப்பி டேஸ்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர். அதன் ஐந்தாம் சீசனில், 1977 செப்டம்பர் 20 அன்று ஒளிபரப்பான எபிசோடில், ஃபான்சி என்ற முக்கியப் பாத்திரம் நீர்ச்சறுக்கு விளையாடியபடியே போய், கடலில் அடைத்து வைத்திருந்த ஒரு சுறாவைத் தாண்டிக் குதிக்கிறான். தண்ணீரில் இறங்கும்போதும் தன் வழக்கமான தோல் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. 1985இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹைன் என்ற மாணவரும் அறைத்தோழர்களும், எந்தத் தொடர் எப்போது கெட ஆரம்பித்தது என்று பேசிக்கொண்டிருந்தபோது, தோழர் ஒருவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தது. 1997இல் ஹைன் இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்க, சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

சிக்கல் கதையில் இல்லை, புணர்ச்சியில் இருக்கிறது. புலிப்பாய்ச்சல் என்றால் பாய்வது புலி. அதே கணக்கில் சுறாத்தாவல் என்றால் தாவுவது சுறாதான். 'ஆறாம் சீசனில் சூப்பர்நேச்சுரல் ஒரு சுறாத்தாவல் காட்டியது' என்று எழுதிப் பாருங்கள். என்னமோ பெரிதாகச் சாதித்துவிட்டதுபோல இருக்கிறது. ஏறுதழுவல், தீமிதி போல இரண்டாம் வேற்றுமைத் தொகையாக வைத்துச் 'சுறாதாண்டல்' என்றால் பொருள் சரியாக விழுகிறது. ஒற்று போட்டால் சுறா தாவுகிறது, ஒற்றை எடுத்தால் சுறாவை நாம் தாண்டுகிறோம். இதற்காகவே இந்தக் குழுமத்தில் இருக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஒற்றைச் சரிசெய்தாலும் பெரிய கேள்வி அப்படியேதான் நிற்கிறது. சுறாவைத் தாண்டிய பிறகு 'ஹேப்பி டேஸ்' கெட்டதா? தொடர் 1984 வரை ஓடியது. அந்த எபிசோடை எழுதிய பிரெட் ஃபாக்ஸ் ஜூனியர் 2010இல் தன் பக்கத்து நியாயத்தை எழுதினார்: அதை 3 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், அதற்குப் பிறகும் தொடர் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே ஓடியது என்பது அவர் வாதம். ஆக, வித்தை காட்டியது ஒரு நாள்; கெட்டது என்று சொல்வது வேறு ஏதோ ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் நடந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் வகைத் தொடர்களிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அமானுஷ்யத் தொடர்களில் இரண்டு, தங்கள் எபிசோடு ஒன்றுக்கு 'ஜம்ப் த ஷார்க்' என்றே தலைப்பு வைத்தன. 'த எக்ஸ் ஃபைல்ஸ்' வைத்தது ஒன்பதாம் சீசனில், 2002 ஏப்ரலில். அதற்குள் டேவிட் டுகாவ்னி முழுநேரமாக நடிப்பதை விட்டுப் போய் இரண்டு சீசன் ஓடிவிட்டது. அடுத்த மாதமே தொடரையும் மூடிவிட்டார்கள். முதல் சீசனிலிருந்து கூட வந்த, 'லோன் கன்மென்' என்ற துணைப்பாத்திரங்கள் மூவரையும் அந்த எபிசோடில்தான் கொன்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு வந்த தலைப்பு அது.

'சூப்பர்நேச்சுரல்' அதே தலைப்பை வைத்தது நாலாம் சீசனில், 2009 ஏப்ரலில். சாம், டீன் இருவருக்கும் ஆடம் என்று மூன்றாவதாக ஒரு தம்பி இருப்பதாகக் கதை. சரக்கு தீர்ந்த தொடர்கள் புதிதாக ஒரு உறவைக் கொண்டுவந்து இறக்கும் பழக்கத்தைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் தலைப்பு. கடைசியில் பார்த்தால் வந்தது தம்பியே அல்ல, அவனைத் தின்றுவிட்டு அவன் உருவத்தில் உலவும் பிணந்தின்னி. ஆனால் அந்த நாலாம் சீசன், விசிறிகளில் பெரும்பாலோர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் சீசன். ஒரு தொடர் கெட்டபின் சொல்லிக்கொண்டது, இன்னொன்று கெடுமுன் சொல்லிக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அந்தச் சொல்லில் ஏதோ கோளாறு.

(ஆடத்தை ஐந்தாம் சீசனில் உயிரோடு கொண்டுவந்து, மைக்கேல் என்ற தேவதூதனோடு சேர்த்து நரகக் கூண்டில் தள்ளினார்கள். அதே கூண்டில் விழுந்த சாமை மீட்டார்கள், இந்தப் பையனை மறந்தே போனார்கள். பதினைந்தாம் சீசனில்தான் மறுபடி முகம் காட்டினான். இதைச் சொல்லிச் சிரிக்காத விசிறி கிடையாது.)

சரி, இப்போது சாயும் இடத்துக்கு வருவோம். தொடர் 2005 செப்டம்பர் 13 அன்று தொடங்கி 2020 நவம்பர் 19 அன்று முடிந்தது. 15 சீசன், 327 எபிசோடு. இவ்வளவு நீளமான ஒன்றில் எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் ஆச்சரியம்.

பெரிய கட்சி ஐந்தாம் சீசன் கட்சி. உருவாக்கிய எரிக் கிரிப்கி ஐந்து சீசனுக்குத்தான் கதை வைத்திருந்தார். 2010 மே மாதம் 'ஸ்வான் சாங்' எபிசோடோடு பொறுப்பை செரா கேம்பிளிடம் விட்டு நகர்ந்தார். அந்த எபிசோடைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்சியின் பலம் தெரியும். லூசிஃபர் என்ற சாத்தான் சாமின் உடம்பில் இருந்துகொண்டு டீனை அடித்து நொறுக்குகிறான். அப்போது வெயில் பட்டுக் காரின் சாம்பல் கிண்ணத்தில் ஒன்று கண்ணில் படுகிறது: சின்ன வயதில் சாம் திணித்து வைத்து, எடுக்கவே முடியாமல் போன பச்சை பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மை. அதைப் பார்த்துச் சாம் தன்னிலைக்கு வந்து, லூசிஃபரோடு நரகக் கூண்டுக்குள் குதிக்கிறான். வானுலகப் போரை அந்தப் பொம்மை நிறுத்துகிறது. முதல் சீசனிலிருந்து இது அண்ணன் தம்பி கதைதான், மற்றதெல்லாம் அலங்காரம் என்று ஒரே காட்சியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பத்து சீசன் என்ன சொல்வது?

இதற்கு முந்தியே கெட்டது என்கிற சின்னக் கட்சியும் இருக்கிறது. அவர்களுக்குப் பிடித்தது ஊர் ஊராகக் காரில் போய், பேய் அண்டாமல் உப்பைக் கோடு போட்டு, எலும்பைத் தோண்டி எரித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் கதை. டீன் பழைய வாக்மேனைப் பிரித்து ஆவி கண்டுபிடிக்கும் மீட்டராக மாற்றி வைத்திருப்பானே, அந்தக் காலம். 2008 செப்டம்பரில் காஸ்டியல் என்ற தேவதூதன் வந்ததும், கதை மேலோகத்துக்குப் போய்விட்டது என்பது இவர்கள் குறை. வேடிக்கை என்னவென்றால், காஸ்டியலுக்காகவே தொடரைப் பார்த்த இன்னொரு பெருங்கூட்டத்துக்கு அதே நாள்தான் தொடர் உச்சிக்கு ஏறிய நாள். அவர்கள் கோபமெல்லாம் 2020 நவம்பர் 5 அன்று அவன் போன விதத்தின் மேல்.

என்னைக் கேட்டால் எட்டாம் சீசன். அண்ணன் தம்பிக்கு நிலத்தடியில் ஒரு பதுங்கிடம் கிடைக்கிறதே, அங்கே. நூலகம், சமையலறை, ஆளுக்கொரு அறை எல்லாம் வந்துவிட்டன. அதுவரை ஒவ்வொரு வாரமும் வேறு வேறு மோட்டல் அறை. சகிக்க முடியாத சுவர்க்காகிதம், இரண்டு கட்டில், கதவடியில் உப்புக்கோடு. வீடில்லாதவர்கள் என்பதுதான் அவர்கள் பலமும் துக்கமும். வீடு கொடுத்ததும் ஊர்கள் வெறும் வேலைக்குப் போய்வரும் இடங்களாகிவிட்டன. அதற்காக அப்புறம் வந்ததெல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். பதினோராம் சீசனில் கேமராவைக் காருக்குள்ளேயே வைத்து எடுத்த 'பேபி' எபிசோடு, என் கணக்கில் முதல் பத்துக்குள் வரும்.

இதையெல்லாம் எதற்கு நீட்டுகிறேன் என்றால், நமக்கு வேண்டிய சொல் 'எனக்கு', 'உனக்கு' என்று சேர்த்துச் சொல்ல இடம் தர வேண்டும். சுறாதாண்டல் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கும் சம்பவம். இன்ன தேதி, இன்ன எபிசோடு என்று சொல்லிவிடலாம். தொடர் சாயும் இடம் அப்படி அல்ல; அது ஆளுக்கு ஆள் மாறும்.

வந்த பரிந்துரைகளை அந்த உரைகல்லில் உரசிப் பார்த்தேன். 'இழுவை' அருமையான சொல்; சீரியல் பார்க்கும் எந்த வீட்டிலும் புழங்குவது. ஆனால் அது நிலைமையின் பெயர், தொடங்கும் இடத்தின் பெயர் அல்ல. 'இறங்குமுகம்' பங்குச்சந்தைக்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கட்டும், அதற்கும் அதே குறை. 'தடம்புரள்வு' விபத்து போல் ஒலிக்கிறது. விபத்தில் யாரும் பத்து சீசன் ஓடுவதில்லை. 'சரிமுனை' என்றால் சரியான முனை என்று படித்துத் தொலைப்பார்கள். 'படுகட்டம்' சொன்னவர் 'இடைவேளைக்கப்புறம் படம் படுத்துடுச்சு' என்கிற பேச்சிலிருந்து எடுத்திருக்கிறார். எனக்கு ஆசைதான், ஆனால் கலைச்சொல்லாக நிற்காது.

மிஞ்சுவது 'சாய்முனை'. 'திருப்புமுனை' ஏற்கெனவே எல்லோர் நாக்கிலும் இருப்பதால் விளக்கம் இல்லாமலே புரிகிறது. வினையாகவும் இயல்பாக வருகிறது: 'அந்தத் தொடர் எங்கே சாய்ந்தது?' என்று கேட்டால் யாரும் விழிக்கப் போவதில்லை. இன்னொரு வசதி, இது வினைத்தொகை. ஊறுகாயை ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று பள்ளியில் விரித்தோமே, அதுபோல இதுவும் சாய்ந்த முனை, சாய்கின்ற முனை, சாயும் முனை என்று மூன்று காலத்துக்கும் விரியும். ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் 'இது சாய்முனையாக இருக்குமோ' என்று பயப்படுகிறவருக்கும், முடிந்துபோன தொடரைப் போட்டு அலசுகிறவருக்கும் ஒரே சொல் போதும்.

> சாய்முனை என்றால் சாய்வாக வெட்டிய பேனா நிப் ஞாபகம் வருகிறதே?

வரும்தான். திருப்புமுனை என்றால் திருப்புளி ஞாபகம் வராத அளவுக்குப் பழகியதுபோல இதுவும் பழகிவிடும்.

அகராதிப் பக்கத்துக்கு இப்படிப் பதியலாம் என்று முன்மொழிகிறேன்:

சுறாதாண்டல் – பெயர்ச்சொல். பார்ப்பவர்களை இழுப்பதற்காக ஒரு தொடர் தன் இயல்பை மீறிக் காட்டும் வித்தை. நன்றாகவும் அமையலாம். எ.கா.: 'அண்ணனும் தம்பியும் வேறோர் உலகில் விழுந்து, அங்கே தங்களையே நடிகர்களாகக் காணும் 2011ஆம் ஆண்டு எபிசோடு அப்பட்டமான சுறாதாண்டல், ஆனால் விசிறிகளுக்கு அதுதான் செல்லப்பிள்ளை.'

சாய்முனை – பெயர்ச்சொல். ஒரு தொடரின் தரம் இறங்கத் தொடங்கியதாகப் பார்ப்பவர் ஒருவர் கருதும் இடம். எ.கா.: 'பலருக்கு ஐந்தாம் சீசன் முடிவு, எனக்குச் சாய்முனை எட்டாம் சீசன்.'

எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டாம் சீசனில் ரைக்கர் என்ற பாத்திரம் தாடியோடு வந்து, அப்புறம் தொடர் தேறியது; அதைவைத்து ஆங்கிலத்தில் தாடி வளர்ப்பது என்கிறார்கள். நமக்குத் தாடி வளர்ப்பது காதல் தோல்விக்கு. 'ஏறுமுனை' போதும்.

ஒன்று மட்டும் இந்த இரண்டு சொல்லிலும் அடங்கவில்லை. சக் என்கிற எழுத்தாளன்தான் கடவுள் என்று பதினோராம் சீசனில் சொன்னார்கள், சரி, ரசித்தோம். பதினாலாம் சீசன் முடிவில், நடந்தது எல்லாமே அவன் எழுதிய கதை என்றுவிட்டார்கள். அப்படியானால் சாம் கூண்டுக்குள் குதித்தது அவனுடைய முடிவா, சக் எழுதிய வரியா? 2019இல் சொன்ன ஒரு வசனம் 2010இல் எடுத்த காட்சியைப் போய்த் தட்டிவிடுகிறது. அந்தப் பொம்மைச் சிப்பாய்க்குக்கூட மதிப்பு இல்லாமல் போகிறது. இப்படி முன்கதையைப் பின்னால் வந்து மாற்றுவதை ஆங்கிலத்தில் 'ரெட்கான்' என்பார்கள். 'பின்திருத்தம்' என்று ஒரு நண்பர் போகிறபோக்கில் எழுதியிருந்தார். திருத்தம் என்றால் சரிசெய்தது போலாகிவிடுமே என்று எனக்கு இடிக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், இங்கேயே தொடர்ந்தால் சாய்முனைக்கு வாக்கு எடுக்க முடியாது.

அன்புடன்,
குழும உறுப்பினன்