கியூபா 1962: 'முற்றுகை' வேண்டாம், 'கடல் மறிப்பு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்து மூண்ட ஏவுகணை நெருக்கடியில், 1962 அக்டோபர் 22 இரவு அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்த 'குவாரன்டைன்' நடவடிக்கைக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வந்திருக்கின்றன: தனிமைப்படுத்தல், கடற்படை முற்றுகை, கடல் தடை. எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை.

'தனிமைப்படுத்தல்' கொரோனா காலத்தில் நன்றாக வேரூன்றிய சொல். ஆனால் 'கியூபாவைத் தனிமைப்படுத்தினார்' என்று எழுதினால், மற்ற நாடுகளின் உறவைத் துண்டித்துவிட்டார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 1937இல் அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சிகாகோவில் இதே 'குவாரன்டைன்' என்ற சொல்லைப் பேசியபோது போரைத் தொற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அந்த உரையை மொழிபெயர்த்தால் நோயின் சாயல் கட்டாயம் வேண்டும். 1962இல் நடந்தது வேறு. கியூபாவுக்குப் போகும் கப்பலை நிறுத்தி, என்ன சரக்கு என்று கேட்டு, ஆயுதம் இருந்தால் திருப்பி அனுப்புகிற வேலை அது.

'முற்றுகை'தான் என்னை அதிகம் உறுத்துகிறது. சோழன் நலங்கிள்ளி ஆவூர்க் கோட்டையை முற்றியிருந்தபோது கோவூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டை நினைத்துப் பாருங்கள். பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பூவில்லாத வெறுந்தலையைப் பெண்கள் முடிகிறார்கள், வீடுகளில் தண்ணீர் இல்லை என்ற புலம்பல் கேட்கிறது. முற்றுகை என்றால் தமிழில் இதுதான், உள்ளே இருப்பவர்களின் வயிற்றைக் காயப்போடுவது. கென்னடி அதே உரையில், 1948இல் சோவியத்துகள் பெர்லினில் செய்ய முயன்றதுபோல வாழ்க்கைத் தேவைகளை நாங்கள் இப்போது மறுக்கவில்லை என்று தனியாக எடுத்துச் சொன்னார். முழு முற்றுகை என்பது சர்வதேசச் சட்டத்தில் போர்ச் செயல். அந்தச் சொல்லைத் தவிர்க்கத்தான் வாஷிங்டனில் இருந்தவர்கள் 'குவாரன்டைன்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் அவ்வளவு பாடுபட்டு ஒதுக்கிய சொல்லை நாம் தமிழில் திரும்பக் கொண்டுவந்து வைத்தால், நெருக்கடி நீடித்த அந்தப் பதின்மூன்று நாள்களின் கதையே புரியாமல் போய்விடும்.

சரி, 'கடல் தடை'? தடை என்றதும் பொருளாதாரத் தடைதான் முதலில் நினைவுக்கு வரும். கியூபா மீது அமெரிக்காவின் வணிகத் தடை அதே ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் குழப்பம்தான்.

என் பரிந்துரை 'கடல் மறிப்பு'. வழியில் நின்று மறிப்பது, பார்த்துவிட்டு விடவேண்டியதை விடுவது என்ற இரண்டும் இதில் வருகின்றன. அக்டோபர் 25 அன்று புக்கரெஸ்ட் என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலைப் போக விட்டார்கள். மறுநாள் காலை, சோவியத் வாடகைக்கு எடுத்திருந்த மருக்லா என்ற லெபனான் கொடிக் கப்பலை நிறுத்தி, அமெரிக்கக் கடற்படையினர் ஏறிப் பார்த்தார்கள். காகித உருளைகள், கந்தகம், லாரி உதிரிபாகங்கள். போகலாம் என்று விட்டுவிட்டார்கள். இதை 'மருக்லா மறிக்கப்பட்டது, சோதனைக்குப் பின் விடுவிக்கப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறவில்லை.

'கடல் மறியல்' என்றும் யோசித்தேன். சாலை மறியலும் கள்ளுக்கடை மறியலும் நமக்குப் பழக்கம்தான். ஆனால் அதில் ஆயுதமில்லாத சாதாரண மக்கள் அல்லவா நிற்கிறார்கள்? போர்க்கப்பல்களுக்கு அது பொருந்தாது. அப்புறம் இலங்கை நண்பர்களுக்கு மறியல் என்றால் சிறை. 'இடைமறிப்பு' ஏற்கெனவே ஏவுகணையை வானில் தாக்கி அழிப்பதற்கு வழங்குகிறது. ஏவுகணை நெருக்கடி பற்றிய கட்டுரையில் அதை வைக்கவே கூடாது.

இன்னொன்று முக்கியம். சோவியத் தரப்பின் பேச்சை மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல்லை அவர்கள் வாயில் திணிக்க வேண்டாம். நீங்கள் அறிவிப்பது குவாரன்டைன் அல்ல, இறுதி எச்சரிக்கை என்று சோவியத் தலைவர் குருசேவ் கென்னடிக்கு அக்டோபர் 24ஆம் தேதிக் கடிதத்தில் எழுதினார். அமெரிக்கக் கப்பல்கள் செய்வது கடற்கொள்ளை என்றும் சொன்னார். ரஷ்ய எழுத்துகளில் 'பிளகாடா' என்று வரும் இடத்தில் தயங்காமல் 'முற்றுகை' என்றே போடுங்கள். இரண்டாம் உலகப் போரில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டில் பட்டினி கிடந்து செத்தவர்களின் நினைவு ஒட்டியிருக்கும் ரஷ்யச் சொல் அது. ஒரே நடவடிக்கைக்கு இரு தரப்பும் வைத்த இரண்டு பெயர்களும் தமிழ் வாசகருக்குத் தெரிய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

நவம்பர் 20இல் மறிப்பு விலக்கப்பட்டது என்ற வரி வரைக்கும் நம் கட்டுரையின் பழைய வரைவில் 'முற்றுகை' ஏழு இடங்களில் இருக்கிறது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பிறகு மாற்றிவிடுகிறேன்.