புதுப்பிப்பு: செயின்சாவை மரத்தடியிலேயே அரம் போட்டுத் தீட்டியது

சென்னை அடையாறு பகுதியில் சாய்ந்துகிடந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுக்கையில் செயின்சா (எஞ்சினில் ஓடும் சங்கிலி வாள்) நேராக இறங்காமல் வலப்பக்கமாக வளைகிறது, பட்டறைக்குப் போகாமல் சரிசெய்ய வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். வழியுண்டு; வாள் இப்போது நேராக இறங்குகிறது.

விளம்பரப் பலகைக்காக யாரோ அறைந்துவிட்டுப் போன ஆணி மரத்துக்குள் புதைந்திருந்தது (சென்னைச் சாலையோர மரங்களுக்கு இது வாய்த்த சாபம்). அதில் உரசி இடப்பக்கப் பற்கள் மட்டும் மழுங்கியதால், கூர் குறையாத வலப்பக்கம் வாளைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

எஞ்சினை அணைத்து, அடிமரத்தில் ஏற்கெனவே அறுத்த வெட்டுக்குள் வாளின் சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையை ஆடாதபடி செருகி, சங்கிலி நகராமலிருக்கப் பிரேக்கையும் போட்டுக்கொண்டேன். என் சங்கிலி 0.325 அங்குல வகை (கண்ணிகளின் இடைவெளியைக் குறிக்கும் அளவு) என்பதால் 4.8 மி.மீ. உருட்டு அரத்தை எடுத்து, 30 பாகைச் சாய்வில், பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்புகையில் தூக்கிவிட்டேன். மழுங்கிய விளிம்பு வெயிலில் வெள்ளிக் கோடாக மின்னும். அந்தக் கோடு மறையும்வரை தீட்ட வேண்டும். அதன்பின் மிகக் குட்டையான பல்லின் நீளத்துக்கு இருபக்கத்துப் பற்களையும் கொண்டுவருவதுதான் பொறுமையைச் சோதித்த வேலை.

பல்லுக்கு முன்னால் உள்ள ஆழக் கட்டையை (பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மேடு) தட்டை அரத்தால், அளவுகோலை வைத்து, பல் நுனியைவிட 0.65 மி.மீ. மட்டுமே தாழ்வாக விட்டேன். அதற்குமேல் தாழ்த்தினால் வாள் மரத்தைக் கடித்து உதறும். முன்பு மாவுபோல் பறந்த தூள் இப்போது சீவலாக விழுகிறது.