சைக்கிளுக்கும் அபராதம் போடத்தான் வேண்டுமா?

நடைபாதைக்காரர்:
சிவப்பு விளக்குக்குக் கார் நிற்கிறது, லாரி நிற்கிறது. நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்து நாங்கள் பாதிச் சாலையைக் கடந்திருப்போம். காதில் இயர்போனோடு ஒரு சைக்கிள் எங்கள் நடுவே பாய்ந்து போகும். மணிகூட அடிப்பதில்லை. அபராதம் போடுங்கள் என்றால், ‘பாவம், சைக்கிள்தானே’ என்கிறார்கள். 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே சைக்கிளை வாகனமாகவும், அதை ஓட்டுபவரை ஓட்டுநராகவும்தான் கருதுகிறது. அப்புறம் என்ன பாவம்?

மிதிப்பவன்:
வாகனம்தான், யார் மறுத்தார்கள்? ஆளோடு சேர்த்து 90 கிலோ உள்ள சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறது, 1,200 கிலோ கார் 50 கிலோமீட்டரில் வருகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் காரின் இயக்க ஆற்றல் 80 மடங்குக்கும் மேல். இருக்கிற நாலு காவலர்களையும் சைக்கிள் பின்னால் ஓடவிட்டால், காரை யார் பிடிப்பது?

நடைபாதைக்காரர்:
எழுபது வயதுக்காரரைக் கீழே தள்ள 20 கிலோமீட்டர் வேகம் தாராளமாகப் போதும். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவரிடம் போய் உங்கள் 80 மடங்குக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

இரவுப்பணி:
நான் தினமும் சைக்கிளில் போகிறவன். ஒன்று சொல்லட்டுமா? சில சந்திப்புகளில் தாருக்கு அடியில் கம்பிச்சுருள் புதைத்திருப்பார்கள். மேலே வண்டி வந்து நின்றால் அதன் உலோகத்தை உணர்ந்து சிக்னல் மாறும். காருக்கு ஏற்றபடி அதை அமைத்துவிட்டால் சைக்கிள் நிற்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆளரவமற்ற நள்ளிரவில், பின்னால் ஒரு கார் வரும்வரை நான் தவம் கிடக்க வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. ‘நில்’ பலகையில் வேகத்தைக் குறைத்து, வழிவிட்டுப் போகலாம். சிவப்பு விளக்கில் முழுதாக நின்று, குறுக்கே யாரும் இல்லையென்றால் போகலாம்.

நடைபாதைக்காரர்:
அந்தச் சட்டத்தில் ‘நின்று’ என்றும் ‘வழிவிட்டு’ என்றும் இருக்கிறதே, அதைத்தானே நானும் கேட்கிறேன்? நிற்காமல் பாய்கிறவருக்கு அங்கேயும் சலுகை கிடையாது. ஜெர்மனியில் சிவப்பைத் தாண்டும் சைக்கிளுக்கு 60 யூரோ அபராதம். சிவப்பு விழுந்து ஒரு நொடிக்கு மேல் ஆகியிருந்தால் 100. சைக்கிளை மதிக்கிற நாடுதான் அது.

மிதிப்பவன்:
அபராதம் யார் தலையில் விழுகிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்ட்டி என்ற மாவட்டத்தில் சைக்கிள் ஹெல்மெட் சட்டத்தை 2022இல் நீக்கினார்கள். வீடற்றவர்களையும் கறுப்பினத்தவரையும் நிறுத்திப் பிடிக்கவே அது அதிகம் பயன்பட்டது என்ற புகார்தான் காரணம். பெயருக்கு எல்லோருக்கும் சட்டம். மாட்டுவது என்னவோ இளைத்தவன்தான்.

நடைபாதைக்காரர்:
ஹெல்மெட் விஷயத்தில் நான் சண்டைக்கு வரவில்லை. அது ஓட்டுபவரின் தலை. சிவப்பு விளக்கில் ஆபத்து என் காலுக்கு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

இரவுப்பணி:
இது நியாயம். அந்த அளவுகோலையே வைத்துக்கொள்வோம்: பச்சையில் கடப்பவர்களுக்கு நடுவே புகுந்தால் அபராதம், நடைபாதையில் வேகமாக ஓட்டினால் அபராதம். வெறிச்சோடிய சந்திப்பில் நின்று பார்த்துப் போனவனை விட்டுவிடுங்கள். இரவில் விளக்கில்லாமல் வருகிறவனை நிறுத்துங்கள். ஆனால் விளக்கு வாங்கி மாட்டிக் காட்டினால் அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்.

மிதிப்பவன்:
நடைபாதையில் ஏறினால் அபராதம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சைக்கிள் பாதையை அடைத்துக் கார் நிற்கிறது. இந்தப் பக்கம் நடைபாதை, அந்தப் பக்கம் லாரியின் சக்கரம். எங்கே போகச் சொல்கிறீர்கள்? முதலில் அந்தக் காரை இழுத்துப் போகட்டும்.

நடைபாதைக்காரர்:
தாராளமாக இழுத்துப் போகட்டும், நானும் கைதட்டுகிறேன். அதுவரை நடைபாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். பத்தடி தூரம்தானே?

மிதிப்பவன்:
பத்தடிக்கு ஒரு கார் நிற்கிறது ஐயா.